அந்த 70 ரூபாய் எங்கே போட்டிருக்கு?

“எல்லாம் சரிதான் பாப்பா. எவ்வளவு ஆகும்னு போடவே இல்லையே?”

கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெரியம்மா இப்படிக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. அவர் மடியில் விரிந்து கிடந்தது நான் வடிவமைத்த பக்கம். ஓய்வூதியர்கள் ஆண்டு நேர்காணலுக்காகக் கருவூலத்துக்கு அலையாமல், அஞ்சல்காரரை வீட்டுக்கே வரவழைத்துக் கைரேகை வைத்து மின்னணு வாழ்நாள் சான்றிதழ் எடுத்துக்கொள்வது எப்படி என்று சொல்லும் இரட்டைப் பக்கக் கட்டுரை அது. கட்டணம் 70 ரூபாய் என்பதை அதே பக்கத்தில் 36 பாயின்டில், ஆரஞ்சு நட்சத்திரம் ஒன்றுக்குள் வெள்ளை எழுத்தில் போட்டிருந்தேன். அந்த இரண்டு பக்கத்திலும் அதைவிடப் பெரிய எழுத்து தலைப்பு மட்டும்தான். பெரியம்மாவின் விரல் அந்த நட்சத்திரத்தை இரண்டு முறை தாண்டிப் போனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“இதோ இருக்கே பெரியம்மா” என்று தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைச் சற்றுத் தூக்கிப் பார்த்தார். “அடடே, இதுவா? விளம்பரம்னுல்ல நினைச்சேன். இந்த மாதிரி வெடிச்சு நிக்கிற கட்டமெல்லாம் துணிக்கடைத் தள்ளுபடிக்குத்தானே போடுவாங்க?”

பக்க வடிவமைப்பில் எனக்கு 19 வருஷம் ஆகிறது. வாரப் பத்திரிகை, பெண்கள் இதழ், கோயில் மலர், தீபாவளி மலர் என்று எல்லாவற்றுக்கும் பக்கம் போட்டிருக்கிறேன். ‘கண்ணில் படவேண்டியதைப் பெரிதாகப் போடு, நிறம் கொடு, சுற்றிலும் இடம் விடு’ என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொண்ட பாடம். அந்தப் பாடத்தின்படி ஒரு பிசகும் இல்லாமல் போட்ட பக்கம் அது. ஆசிரியர் குழுவில் எல்லோரும் பாராட்டினார்கள். யாருக்காகப் போட்டோமோ அவருக்கு மட்டும் அதில் மிக முக்கியமான எண் கண்ணில் படவில்லை. அன்றிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை.

ஒரு தாளில் எழுதிய வாசகர்

எங்கள் நிறுவனம் மூத்தவர்களுக்கென்று ஒரு மாத இதழ் தொடங்கியபோது, முதல் கூட்டத்திலேயே ஒரு தாளைக் கொடுத்தார்கள். இலக்கு வாசகர்: 60 வயதுக்கு மேல், ஆண் பெண் இருபாலரும், ஓய்வூதியர் அல்லது பிள்ளைகளின் ஆதரவில் இருப்பவர், நகரம் மற்றும் சிறுநகரம். கீழே அவர்களுக்குப் பிடித்தவை என்று ஆன்மிகம், உடல்நலம், பழைய சினிமா, பேரப்பிள்ளைகள். இதை வைத்து நான் செய்தவை இன்னும் நினைவில் இருக்கின்றன. வழக்கமாக 10 பாயின்டில் போடும் உடல் எழுத்தை, அதாவது கட்டுரை ஓடும் எழுத்தை, 10.5 ஆக்கினேன். ‘வயசானவங்களுக்குப் பளிச்சுனு இருந்தா அடிக்கும்’ என்று யாரோ சொன்னதால் துணைத்தலைப்புகளுக்கு இளநீலம் எடுத்தேன். படத்துக்கு, நரைத்த தம்பதி டேப்லெட்டைப் பார்த்துச் சிரிக்கும் ஸ்டாக் போட்டோ ஒன்று கிடைத்தது. அதைக் கத்தரித்து நடுவில் வைத்து, எழுத்து அவர்கள் தோளைச் சுற்றி வளைந்து ஓடும்படி செய்தேன். என் 27 அங்குலத் திரையில் 150 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணுக்கு விருந்தாக இருந்தது.

தாளில் இருந்த எதுவும் பொய் இல்லை. ஆனால் அந்த மனிதர் இதழை எங்கே உட்கார்ந்து, எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில் பிரிக்கிறார், எந்தக் கையில் பிடிக்கிறார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் என் பெரியம்மா அந்தத் தாளுக்கு அப்படியே பொருந்துகிறவர். 74 வயது, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆசிரியை, மாதாமாதம் ஓய்வூதியம் வாங்குகிறவர், கையில் கிடைக்கும் எதையும் வாசிக்கிறவர். அச்சாகி வந்த இதழை ஒரு பெருமைக்காகத்தான் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திண்ணையில் நடந்தது

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து உட்காரும் நேரம்தான் அவருக்கு வாசிக்கும் நேரம். ராத்திரியில் டியூப்லைட் வெளிச்சத்தில் வாசிப்பதை விட்டுப் பல வருஷமாகிறது. டீச்சராக இருந்த பழக்கமோ என்னவோ, இப்போதும் உதடு அசைய, கொஞ்சம் சத்தம் வர, ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டே வாசிப்பார். இது எனக்குப் பெரிய உதவியாகிவிட்டது. வாசிக்கிறவரின் கண் எங்கே போகிறது என்று சாதாரணமாக நமக்குத் தெரியாது. பெரியம்மாவின் விரல் அதை எனக்குக் காட்டிக்கொண்டே போனது.

முதல் பத்தியில் விரல் ஒழுங்காக ஓடியது. பிறகு இதழைச் சாய்த்தார், நிமிர்த்தினார், மறுபடி சாய்த்தார். நம் பக்கம் ‘சிறப்புப் பகுதி’ என்பதால் பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அடித்திருந்தோம். தெருவிலிருந்து வந்த வெயில் அதில் பட்டுக் கண்ணாடிபோல் அடித்தது. சாய்க்கிற ஒவ்வொரு தடவையும் விரல் வரியை விட்டுவிட்டது, மறுபடி தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்து, தம்பதியின் தோளருகே வந்ததும் வரி குறுகிக்கொண்டே போய், ஒரு வரியில் இரண்டே வார்த்தைகள் நின்றன. அங்கே விரல் நின்றுவிட்டது. பிறகு படத்தைத் தாண்டி அந்தப் பக்கம் தெரிந்த எழுத்துக்குத் தாவியது. அது அடுத்த காலத்தின், அதாவது பக்கத்தை நெடுக்காகப் பிரித்த அடுத்த பத்தியின், நடுப்பகுதி. இடையில் ஏழெட்டு வரி விட்டுப்போனது. விட்டுப்போனது அவருக்குத் தெரியவும் இல்லை. அர்த்தம் ஒட்டாத இடத்தில் “ம்...” என்று ஒரு இழுவை மட்டும் போட்டுவிட்டு மேலே போனார். தப்பு எழுதினவரிடம் இருக்கலாம் என்றோ, பக்கம் போட்டவரிடம் இருக்கலாம் என்றோ அவருக்குத் தோன்றவில்லை. “எனக்குத்தான் முன்ன மாதிரி மண்டையில ஏற மாட்டேங்குது” என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது இந்த இடம்தான். நட்சத்திரத்தைக் கவனிக்காதது அதற்குப் பிறகு நடந்தது.

இதழின் முதுகை ஒட்டி நான் வைத்திருந்த உள் ஓரம் 12 மில்லிமீட்டர். பசை வைத்து ஒட்டிய பைண்டிங் விரித்து வைத்தால் தானாக நிற்காது, மூடிக்கொள்ளப் பார்க்கும். பெரியம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வீக்கம் உண்டு. இடது கைப் பெருவிரலால் நடுவில் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பெருவிரலுக்கு அடியில்தான் என் துணைத்தலைப்புகள் இருந்தன.

இரண்டு கண், இரண்டு வெள்ளை

இளநீலத் துணைத்தலைப்புகளைப் பற்றிக் கேட்டேன். “நீலமா? சாம்பல் கலர்னுல்ல இருக்கு” என்றார். பிறகு அவராகவே ஒரு காரியம் செய்தார். அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தாகிவிட்டது, இடது கண் இன்னும் பாக்கி. இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். “இதுல பார்த்தா நீலம் தெரியுது. பேப்பரே நல்லா சொட்டு நீலம் போட்டு அலசின மாதிரி இருக்கு.” கையை மாற்றினார். “இதுல பார்த்தா எல்லாம் செம்மண் தண்ணியில முக்கி எடுத்த மாதிரி.” மாற்றி மாற்றி மூடித் திறந்து அவர் சொல்லச் சொல்ல, நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சள் பாரிக்கும், நீலத்தையும் ஊதாவையும் வடிகட்டிவிடும் என்பதெல்லாம் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டது. கண்ணின் பாப்பாவும் சுருங்குகிறது. 60 வயதுக்காரர் விழித்திரையை எட்டும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்கு எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்கிறார்கள். நான் திரையில் பார்த்த இளநீலம் அந்த வயதில் இருக்கும் பலருக்கு அழுக்குச் சாம்பலாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். வெள்ளையில் இளமஞ்சள் போட்டால் கேட்கவே வேண்டாம், இல்லாததற்குச் சமம். கறுப்பு எழுத்துக்கு அடியில் ‘அழகாக’ 15 சதவீதம் டின்ட், அதாவது வெளிறிய நிறம், கொடுத்த பாக்ஸ்களும் அப்படித்தான். பெரியம்மா அந்த பாக்ஸைக் கடைசியாகத்தான் வாசித்தார், அதுவும் பாதியில் விட்டுவிட்டார். செல்போனில் முகம் காட்டிச் சான்றிதழ் எடுக்கும் வழி அதில்தான் இருந்தது.

எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒரே பாயின்டில் இருந்தாலும் ஒரே அளவில் தெரியாது. ஒரு பாயின்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. 10.5 பாயின்ட் என்றால் மொத்தம் 3.7 மில்லிமீட்டர். அதற்குள் மேலே ‘கீ’யின் சுழி, கீழே ‘கூ’வின் வால் எல்லாம் அடங்க வேண்டும். நடுவில் எழுத்தின் உடலுக்கு மிஞ்சும் இடம் குறைவு. ‘கொடு’வுக்கும் ‘கோடு’வுக்கும், ‘பொது’வுக்கும் ‘போது’வுக்கும் இடையே இருப்பது கொம்பின் மேலே ஒரு சுழி மட்டும்தான். குறிலையும் நெடிலையும் எழுத்தில் பிரித்துக் காட்ட 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த ஏற்பாடு அது. மை சற்றுக் கூடிப் பரவினால் அந்தச் சுழி அடைபட்டுப் போகும். பல ஃபான்ட்களில் ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் கீழே இழுத்த ஒரு சின்னக் கோடுதான் வேறுபாடு. புள்ளி போனால் ‘க்’ ‘க’ ஆகிவிடும். நமக்கு இதெல்லாம் தெரிவதில்லை, கண் தானாக நிரப்பிக்கொள்கிறது. கண் மங்கியவருக்கு ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தடுக்கல். ஒரு பக்கத்தில் நூறு தடவை தடுக்கினால் யாருக்கும் வாசிக்கிற ஆசை போய்விடும்.

“ஒண்ணாங்கிளாஸ் புத்தகமா?”

சென்னை திரும்பியதும் அதே கட்டுரையை எடுத்து, யாரும் கேட்காமலேயே, மறுபடி பக்கம் போட்டேன். அடுத்த ஆண்டு நேர்காணல் சமயத்தில் மறுபடி வெளியிடப் போகும் கட்டுரைதான், ஒரு பதில் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். பிரிட்டனில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஆர்என்ஐபி அமைப்பு, பெரிய எழுத்து அச்சு என்றால் 16 பாயின்டில் தொடங்க வேண்டும் என்று சொல்கிறது. அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். உடல் எழுத்து 16, துணைத்தலைப்பு 22, தலைப்பு 60. நட்சத்திரம் போயிற்று, டின்ட் போயிற்று, சிரித்த தம்பதியும் போனார்கள். எல்லாம் வெள்ளையில் கறுப்பு. வழக்கமான மூன்று காலத்தை மட்டும் விடவில்லை. லேசர் பிரிண்ட் எடுத்து, பின் அடித்து, அடுத்த தடவை ஊருக்குப் போனபோது கொண்டுபோனேன்.

பெரியம்மா வாங்கிப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: “என்ன பாப்பா, ஒண்ணாங்கிளாஸ் புத்தகம் மாதிரி இருக்கு?”

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் குரலில் ஒரு சின்ன ஏமாற்றம் இருந்தது. முப்பது வருஷம் ஒண்ணாங்கிளாஸ் புத்தகத்தைக் கையில் வைத்துப் பாடம் சொன்னவர் அவர். எந்த எழுத்து அளவு யாருக்கு என்பது அவருக்குத் தெரியும். ‘உனக்கு இனி இவ்வளவுதான் முடியும்’ என்று நான் அவரிடம் எழுத்தின் அளவால் சொல்லிவிட்டேன். வாசித்தும் பார்த்தார், வாசிக்கவும் வரவில்லை. 56 மில்லிமீட்டர் அகலமுள்ள காலத்தில் 16 பாயின்ட் தமிழ் எழுத்து வரிக்கு இரண்டு வார்த்தை, மிஞ்சினால் மூன்று. ‘ஓய்வூதியதாரர்களுக்கு’ என்ற வார்த்தையில் மட்டும் 12 எழுத்து. அது வந்தால் அந்த வரியில் வேறு எதற்கும் இடமில்லை. இரண்டு ஓரமும் சமமாக நிற்க வேண்டும் என்று ஜஸ்டிஃபை செய்திருந்ததால், வார்த்தைகளுக்கு நடுவே பல் விழுந்த மாதிரி ஓட்டைகள். கீழே பார்த்தால் அந்த ஓட்டைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வாய்க்காலாக ஓடின. விரல் ஒவ்வொரு வரிக்கும் இறங்க வேண்டியிருந்ததால் வாக்கியம் மனதில் கூடவில்லை.

அன்று சாயங்காலம் அவர் உள்ளே போய், பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பைண்டு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்தது. நம் வீடுகளில் இப்படி ஒன்றாவது இருக்கும். “இதைப் பாரு. இதை நான் இன்னும் வாசிப்பேன்” என்று நடுவில் பிரித்து, கடகடவென்று அரைப் பக்கம் வாசித்துக் காட்டினார். எனக்கு நம்பவே முடியவில்லை. எழுத்து ஒன்றும் பெரிதில்லை, அளந்து பார்த்தேன், நான் முதலில் போட்டதைவிட ஒரு நூல்கூடப் பெரிதாக இல்லை. பழைய ‘லை’யும் ‘ணை’யும் யானைத் தும்பிக்கையோடு நிற்கிற, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. பைண்டு செய்தவர் உள் ஓரத்தை இறுக்கித் தைத்ததில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு எழுத்து உள்ளே போயிருந்தது. அதையும் அவர் தானாகச் சேர்த்து வாசித்தார்.

கதை தெரியும் என்பதால் வாசிக்கிறாரோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் அந்தப் பக்கத்தை ராத்திரி நெடுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈய அச்செழுத்து தாளில் அழுந்திப் பதிந்ததில், எழுத்துக் கோடு எங்கும் மெலியவில்லை. பளபளப்பில்லாத காகிதம். இரண்டே காலம், எழுத்தை எங்கேயும் படம் குறுக்கே வெட்டவில்லை, படம் காலத்தின் தலையிலோ காலடியிலோதான். வரிக்கு வரி நல்ல இடைவெளி. முக்கியமாக, வார்த்தைக்கு நடுவே ஓட்டையே இல்லை. அந்தக் காலத்து அச்சுக்கோப்பவர்கள் வரி முடிந்த இடத்தில் வார்த்தையைத் தயங்காமல் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள், இணைகோடுகூடப் போட மாட்டார்கள். புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்ற ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்வார்கள். தமிழுக்கு அது இயல்பாக ஒத்துக்கொள்கிறது. எங்கள் மென்பொருள் ஆங்கில வழக்கப்படி வார்த்தையை முழுதாக வைத்துக்கொண்டு, இடைவெளியை இழுத்து இழுத்து நிரப்பிக்கொண்டிருந்தது. இருபது வருஷமாக அதைப் பார்த்துக் கண் பழகிப்போனதால் எனக்கு அது தவறாகவே தெரியவில்லை.

அதே பீரோவில், அட்டையிலேயே ‘பெரிய எழுத்து’ என்று தலைப்போடு சேர்த்து அச்சிட்ட கதைப் புத்தகம் ஒன்றும் இருந்தது. சென்னையில் இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்றவர்கள் அச்சிட்டு, சந்தையிலும் திருவிழாவிலும் விற்ற வகை. எழுத்தின் அளவையே புத்தகத்தின் பெயராக வைத்தவர்கள் அவர்கள். விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்கும் வீட்டுக்குப் போகிற புத்தகம் என்று தெரிந்து அடித்திருக்கிறார்கள். அதில் வரி பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுகிறது. எழுத்துப் பெரிதானால் வரியும் நீள வேண்டும் என்பதை எந்த வடிவமைப்புப் பள்ளியிலும் படிக்காமல் செய்திருக்கிறார்கள். நான் எழுத்தை மட்டும் பெரிதாக்கி, வரியைப் பழைய அகலத்திலேயே அடைத்து வைத்திருந்தேன்.

மூன்றாவது தடவை

மூன்றாவது தடவை பக்கம் போட உட்கார்ந்தபோது கணக்கு மாறியிருந்தது. எழுத்து 13 பாயின்ட், வரி இடைவெளி 20. மூன்று காலம் இரண்டானது, ஒவ்வொன்றும் 82 மில்லிமீட்டர். வரிக்கு நான்கு, ஐந்து வார்த்தை வந்தது. ஃபான்டில் கோடு சீராக, கொம்பின் சுழி திறந்து நிற்கும் ஒன்றைத் தேடி எடுத்தேன். நீண்ட வார்த்தையை எழுத்து எல்லையில் உடைக்க அனுமதித்தேன். உள் ஓரம் 12-இலிருந்து 24 மில்லிமீட்டர் ஆனது. கட்டணம் கட்டுரைக்கு உள்ளேயே, “எவ்வளவு ஆகும்?” என்ற துணைத்தலைப்பின் கீழ், கறுப்பில், மற்ற வரிகளோடு வரியாக நின்றது. பெரியம்மா என்னிடம் கேட்ட கேள்வியைத்தான் அப்படியே துணைத்தலைப்பாக வைத்தேன். ‘யாரைக் கூப்பிடணும்?’, ‘என்னென்ன எடுத்து வைக்கணும்?’ என்று மற்றவையும் அப்படியே அமைந்துவிட்டன.

இப்படிப் போட்டால் இடம் போதாது. முதல் வடிவத்தில் அந்த இரண்டு பக்கத்தில் 620 வார்த்தை இருந்தது. இதில் 400-க்கு மேல் தாங்காது. இதழ் 64 பக்கம், சேர்த்து அச்சடித்து மடிக்கும் 16 பக்க ஃபாரம் நான்கு. இரண்டு பக்கம் கூடுதலாகக் கொடுங்கள் என்று கேட்டுவிட முடியாது, ஏற வேண்டுமென்றால் எட்டாகவோ பதினாறாகவோதான் ஏறும். கட்டுரை எழுதிய நண்பர் 220 வார்த்தையை வெட்டுவதற்கு லேசில் சம்மதிக்கவில்லை. அவர் பக்கம் நியாயம் உண்டு. திட்டத்தின் வரலாறு, எந்த ஆண்டு தொடங்கியது, யார் தொடங்கி வைத்தார்கள் என்பதையெல்லாம் அலைந்து சேகரித்திருந்தார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். ஆதாரை எடுத்து வைத்துக்கொண்டு அஞ்சல்காரருக்காக வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எந்த வரி வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். வரலாறு முழுதும் போனது. பிபிஓ எண்ணை, அதாவது ஓய்வூதிய ஆணையின் எண்ணை, எங்கே பார்த்து எடுப்பது என்று முதல் வடிவத்தில் இல்லாத இரண்டு வரி புதிதாக வந்தது. கடைசியில் 390-இல் நின்றது. பக்க வடிவமைப்பு என்பது எழுதி முடித்த பிறகு வந்து சேரும் வேலை என்றுதான் எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் நினைக்கிறோம். இந்த இதழில் அது எழுத்துக்கு முன்னால் வந்து உட்கார வேண்டியிருந்தது. இனி எல்லா இதழிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

ஆர்ட் பேப்பரிலிருந்து, உள்பக்கங்களுக்குப் போடும் பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளுக்கு மாறினால் வெயில் அடிக்காது. ஆனால் சதுர மீட்டருக்கு 60 கிராம் எடையுள்ள அந்த மெல்லிய தாளில் மறுபக்கம் ஊடுருவித் தெரியும். எங்கள் பக்கத்துக்குப் பின்பக்கத்தில் இருட்டான கோயில் கோபுரப் படம் ஒன்று முழுப் பக்கத்துக்கு வருவதாக இருந்தது. அதைத் திண்ணை வெளிச்சத்தில் நினைத்துப் பார்த்தேன், எழுத்துக்கு அடியில் கோபுரத்தின் நிழல் நிற்கும். ஃபாரம் வரிசையைப் பார்த்து, அந்தப் படத்தை வேறு பக்கத்துக்கு மாற்றி, பின்பக்கத்தில் ஒரு சிறுகதையை வைத்தோம். பசை பைண்டிங் போய் நடுவில் பின் அடிப்பதாக முடிவாகியது. அதற்கு விளம்பரப் பிரிவு ஒத்துக்கொள்ள மூன்று வாரம் ஆனது, முதுகு இல்லாவிட்டால் இதழ் மலிவாகத் தெரியும் என்பது அவர்கள் கவலை. உள் ஓரத்தைப் பற்றியும் கேள்வி வந்தது. ஒரு பக்கத்துக்கு 24 மில்லிமீட்டர் வெள்ளையாக விட்டால் இதழ் முழுக்க எவ்வளவு காகிதம் வீண் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பெரியம்மாவின் பெருவிரலைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. அதைத்தான் சொன்னேன். ஆசிரியர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, இந்த ஒரு இதழுக்குப் பார்ப்போம்” என்றார்.

ஓரம் சமமாக இருக்க வேண்டுமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் ஒரு முடிவு வரவில்லை. இடது பக்கம் மட்டும் ஒழுங்காக வைத்து வலது பக்கம் ஏற்ற இறக்கமாக விட்டால் இடைவெளிகள் ஒரே அளவில் நிற்கும், வாசிக்க எளிது என்பது என் கட்சி. பெரியம்மாவிடம் இரண்டையும் காட்டியபோது, ஏற்ற இறக்கமாக விட்டதை “வெட்டி முடிக்காத துணி மாதிரி இருக்கு” என்று ஒதுக்கிவிட்டார். வாசித்தபோது விரல் அதில்தான் நன்றாக ஓடியது. ஆனாலும் அவருக்குப் பிடித்தது ஓரம் சமமாக இருந்ததுதான். வாழ்நாளெல்லாம் அச்சு என்றால் ஓரம் சமமாக நிற்கும் ஒன்றையே பார்த்தவர். அவர் கண்ணுக்கு எது சுலபம் என்பதும், எதை அவர் மதிக்கத்தக்க பக்கம் என்று நினைக்கிறார் என்பதும் இங்கே முட்டிக்கொண்டன. நான் அவர் சொன்னதையே செய்தேன். சரியா தவறா என்று இன்றும் ராத்திரி சில நேரம் அந்த இரண்டு பிரிண்டையும் எடுத்து வைத்துப் பார்க்கிறேன்.

இதழ் வந்ததும் ஒரு பிரதியைத் தபாலில் போட்டுவிட்டு, பத்து நாள் கழித்துத்தான் ஊருக்குப் போக முடிந்தது. பெரியம்மா தையல் மெஷின் மேல் அந்தப் பக்கத்தை விரித்து, மேலே கண்ணாடிக் கூட்டை வைத்திருந்தார். பின் அடித்த இதழ், தட்டையாகப் படுத்திருந்தது. இரண்டாவது காலத்தில் ஒரு ஒற்றுப்பிழையைச் சிவப்புப் பேனாவால் சுழித்திருந்தார், பழைய வழக்கம். இதழின் நடுவே, வீண் காகிதம் என்று அவர்கள் கணக்குப் போட்ட அந்த வெள்ளை ஓரத்தில், மேலிருந்து கீழாகப் பென்சிலில் அவருடைய கையெழுத்து: பிபிஓ எண், அதற்குக் கீழே அஞ்சல்காரரின் செல் நம்பர், அதற்கும் கீழே ‘செவ்வாய் 11 மணி. சில்லறை 70’.